வரைந்த முகம் அழாது என்று யார் சொன்னது?

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒரு மூத்த இயக்குநர் அனிமே பற்றி, அதாவது ஜப்பானில் வரைந்து உருவாக்கும் படங்களைப் பற்றிப் பேசியதைப் பலரும் கேட்டிருப்பீர்கள். கேட்காதவர்களுக்கு யாராவது அந்தத் துண்டு வீடியோவை அனுப்பியிருப்பார்கள். பெயர் வேண்டாம். "நடிகனே இல்லாத இடத்தில் சினிமா எங்கே இருக்கிறது? அதெல்லாம் பொம்மைப் படம்" என்றார். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அடுத்த மாதத் திரையிடலில் இருந்த ஒரே அனிமே படமும் மாலைக்குள் பட்டியலிலிருந்து காணாமல் போனது. வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கேமரா நுழைய முடியாத இடத்துக்குள் வரைகிற கை நுழைகிறது. அப்படிச் சொல்லப்படும் கதை எந்த விதத்திலும் மட்டமான கதை அல்ல.

'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' என்ற அனிமே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுனாவோ கடபுச்சி இயக்கி 2016இல் வந்தது. தொடக்கத்தில் சுசு என்ற சிறுமி ஹிரோஷிமாவின் நகாஜிமா பகுதியில் நடந்து போகிறாள். கடைகள், கூட்டம், பண்டிகைக் காலப் பரபரப்பு. அந்தப் பகுதி 1945 ஆகஸ்ட் 6 அன்று அழிந்துபோனது. இன்று அங்கே இருப்பது அமைதி நினைவுப் பூங்கா. பழைய புகைப்படங்களைத் தேடி, அங்கே வாழ்ந்தவர்களிடம் கேட்டுக் கேட்டு, அந்தத் தெருக்களைத் திரும்ப வரைந்திருக்கிறார்கள்.

"செட் போட்டால் போயிற்று" என்பீர்கள். போடலாம். ஆனால் அதே படத்தில் வான்தாக்குதல் நடக்கும்போது என்ன ஆகிறது? சுசுவுக்கு ஓவியப் பைத்தியம். தலைக்கு மேல் குண்டுகள் வெடிக்கின்றன. வானமெங்கும் வண்ணப் புகை. இப்போது என்னிடம் வண்ணங்கள் இருந்திருந்தால் என்று அவள் நினைக்கிறாள். உடனே யாரோ தூரிகையைத் தோய்த்து அப்பியது போல வானத்தில் வண்ணங்கள் விழுகின்றன. சாவு பயமும், அந்த நேரத்தில் வரக் கூடாத அழகுணர்வும் ஒரே சட்டகத்தில். பிறகு அவள் வலது கையை இழக்கும் இடத்தில் படமே கோடுகளாகிவிடுகிறது. கறுப்புப் பின்னணியில், குழந்தை சாக்பீஸால் கிறுக்கியது போல வெள்ளைக் கோடுகள். ஒரு மனம் உடைவதை வெளியே நின்று பார்க்க வைக்காமல் உள்ளே கொண்டுபோய் விடுகிறார்கள். இதை எந்த நடிகரை வைத்து, எந்த லென்ஸ் போட்டு எடுப்பீர்கள்? உண்மையாகவே கேட்கிறேன், பதில் இருந்தால் சொல்லுங்கள்.

நடிகன் இல்லையாம். இசாவோ தகஹதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' 1988இல் வந்தது. அதில் வரும் செட்சுகோ என்ற சிறுமிக்குக் குரல் கொடுத்தது ஐந்து வயதுக் குழந்தை. ஜப்பானில் வழக்கமாகப் படத்தை வரைந்துவிட்டுத்தான் குரலைச் சேர்ப்பார்கள். இந்தக் குழந்தைக்காக அந்த முறையைத் தலைகீழாக்கி, குரலை முதலில் பதிவு செய்துவிட்டுப் பிறகு வரைந்தார்கள். ஒரு மழலையின் இழுவைக்கும் தயக்கத்துக்கும் ஏற்ப ஒருவர் உட்கார்ந்து உதட்டை வரைந்திருக்கிறார். இது நடிப்பில் சேராது, ஆனால் நம் ஊரில் வாயசைக்கத் தெரியாத கதாநாயகிக்கு வேறொருவர் குரல் கொடுத்தால் அது நடிப்பு. சரி, இருக்கட்டும்.

என் அப்பா மதுரையில் சினிமா பேனர் வரைந்தவர். ஸ்டில்லின் மேல் கட்டம் போட்டு, அதே கட்டத்தைத் துணியில் பெரிதாகப் போட்டு, நாற்பதடி முகத்தைக் கொண்டுவருவார். பக்கத்தில் நின்று பார்த்தால் கதாநாயகனின் கன்னத்தில் பச்சையும் ரோஸும் திட்டுத் திட்டாக இருக்கும், முகமே தெரியாது. தெருவின் எதிர்ப்பக்கம் போய் நின்றால் அந்த ஆள் நம்மைப் பார்த்து முறைப்பான். அவரிடம் செட்சுகோ படத்தைப் போட்டுக் காட்டினேன். அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று அந்தக் குழந்தை குத்துக்காலிட்டு அழுகிறாள். அண்ணன் என்ன செய்வதென்று தெரியாமல் கம்பியில் தொங்கிச் சுற்றிக்கொண்டே இருக்கிறான். அப்பா நிறுத்தச் சொன்னார். "இந்த முதுகை வரைந்தவன் வீட்டில் சின்னக் குழந்தை இருந்திருக்கும்" என்றார். பிறகு அன்று முழுக்க அவர் சரியாகப் பேசவில்லை.

எல்லா அனிமேயும் இப்படியா என்று கேட்க ஒருவர் தயாராக இருப்பார். இல்லை. குப்பையும் ஏராளம். வெள்ளிக்கிழமைதோறும் நம் தியேட்டர்களில் வருபவை மட்டும் என்னவாம்?

மனித முகத்துக்கு ஈடு உண்டா என்பது கொஞ்சம் கனமான கேள்வி. நடிகரின் முகத்தில் யாரும் திட்டமிடாத ஒரு துடிப்பு வந்துபோகும். வரைந்த முகத்தில் திட்டமிடாமல் எதுவும் வராது. மறுக்கவில்லை. ஆனால் 2019இல் 'லயன் கிங்' கதையை நிஜச் சிங்கம் போலவே செய்து காட்டினார்களே, அந்தச் சிங்கங்களின் முகத்தில் துக்கம் தெரிந்ததா? 1994இன் கோட்டோவியச் சிங்கக்குட்டி நம்மை அழவைத்ததே! 'டிராகன் பால்' அனிமே 2009இல் நடிகர்களோடு வந்து என்ன ஆனது? 'கவ்பாய் பீபாப்' அனிமேயை நடிகர்களை வைத்து எடுத்த தொடர் 2021இல் வெளியாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை, ரத்து செய்துவிட்டார்கள். 'ஒன் பீஸ்' நன்றாகத்தானே வந்தது என்று நீட்டுவீர்கள், தெரியும். ஒன்றே ஒன்று வந்தது, வைத்துக்கொள்ளுங்கள்.

2002இல் பெர்லின் திரைப்பட விழாவில் 'ஸ்பிரிட்டட் அவே' என்ற அனிமே படத்துக்குத் தங்கக் கரடி விருது கொடுத்தார்கள். நடிகர்கள் நடித்த படங்களோடு போட்டியிட்டுப் பெற்ற விருது அது. அந்த நடுவர்களும் பொம்மை வைத்து விளையாடும் வயதுக்காரர்கள் போலிருக்கிறது.

இன்னொன்று. யூகோ சாகோ என்ற ஜப்பானியர் நம் அனிமேஷன் கலைஞர் ராம் மோகனோடு சேர்ந்து உருவாக்கிய ராமாயண அனிமே 1993இல் திரையிடப்பட்டது. ராமனை எந்த நடிகரின் முகத்திலும் அடைக்க முடியாது, வரைவதுதான் சரி என்பது சாகோவின் எண்ணம். 2025 ஜனவரியில் அது தமிழிலும் தியேட்டருக்கு வந்தபோது யாரும் பொம்மைப் படம் என்று சொல்லவில்லை. ராமன் என்றால் பக்தி, செட்சுகோ என்றால் பொம்மை.

எனக்கு உண்மையில் எரிவது வேறு இடத்தில். கையால் வரைகிறவனைப் பார்த்தால் இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு இளக்காரம்? ஃப்ளெக்ஸ் வந்தபோதும் இதே சிரிப்புதான். "இனிமேல் எதற்கு வரைய வேண்டும்?" என்று அப்பாவின் முகத்துக்கு நேராகச் சிரித்தார்கள். அவர் பள்ளிச் சுவர்களில் திருக்குறள் எழுதப் போனார். அவர் வரைந்த முகங்களுக்குப் பாலாபிஷேகம் செய்த கூட்டத்தில் ஒருவருக்காவது அவர் பெயர் தெரிந்திருக்குமா? அதே கூட்டம், முக்கால்வாசி கணினியில் வரைந்த ஹாலிவுட் சாகசப் படத்தைப் பார்த்துவிட்டு "என்ன ஒரு மேக்கிங்" என்று வாயைப் பிளக்கிறது. அதில் பறப்பவனும் வரைந்தவன்தான் ஐயா, இடியும் நகரமும் வரைந்ததுதான்.

எனக்கு வயது நாற்பத்து மூன்று. மகள் பத்தாம் வகுப்பு. "இந்த வயதில் கார்ட்டூனா?" என்று எழுதப்போகிறவர்கள் நேரத்தை மிச்சப்படுத்திக்கொள்ளலாம், அதையும் ஞாயிற்றுக்கிழமையே ஒருவர் கேட்டுவிட்டார். வேறு ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.