பிரெட் ஹல் அப்பா தயவில் வந்தவரா?

'பாபி ஹல்லின் மகன் என்பதால் பிரெட் ஹல்லை முதல் ஆளாகத் தேர்ந்தெடுத்தார்கள். அப்பாவும் மகனும் ஒரே அணியில் ஆடினார்கள்' என்று ஐஸ் ஹாக்கி வீரர்களான இந்த அப்பா-மகனைப் பற்றி ஒரு ஃபார்வேர்டு செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

1984 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) கால்கரி ஃபிளேம்ஸ் அணி பிரெட்டை எடுத்தது 117-வது ஆளாக. அவருக்கு முன்னால் 116 பேர்! அப்பாவின் சிபாரிசு வேலை செய்திருந்தால் இப்படியா காத்திருந்திருப்பார்?

ஒரே அணி கதையும் பொருந்தாது. வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.ஹெச்.எல்.லில் பாபி கடைசியாக ஆடியது 1979-80 சீசனில். அப்போது பிரெட்டுக்கு வயது 15. மகன்களோடு சேர்ந்து ஆடியவர் கோர்டி ஹோவ் என்ற வேறொரு ஐஸ் ஹாக்கி வீரர். அந்தக் கதையைத்தான் யாரோ இங்கே ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது.

சரி, ஐஸ் ஹாக்கிக் குடும்பம் என்பது மட்டும் உண்மை. சித்தப்பா டென்னிஸ் ஹல்லும் என்.ஹெச்.எல். வீரர்தான். ஆனால் கோல் கணக்கில் மகன் அப்பாவையே தாண்டிவிட்டார்: பாபி 610, பிரெட் 741. அதிலும் 1990-91 சீசனில் மட்டும் செயின்ட் லூயிஸ் அணிக்காக 86 கோல்.

என்.ஹெச்.எல். இணையதளத்தில் இருவருடைய பக்கங்களையும் திறந்து வருடங்களை ஒப்பிட்டாலே போதும், இரண்டு நிமிட வேலை. அந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.

ஒரே அணியில் ஆடாவிட்டாலும், அப்பாவின் 9-ம் எண் சட்டையை மகன் போட்டார். 2005-ல், ஃபீனிக்ஸ் அணியில். ஐந்தே ஆட்டம், அத்தோடு ஓய்வு.