இரிடியம் பிளக் பற்றி நான் எழுதியதில் பாதி தப்பு

புரட்டாசியில் இங்கே ஒரு பதிவு போட்டிருந்தேன், ஞாபகம் இருக்கலாம். வண்டிக்கு இரிடியம் பிளக் (எஞ்சினுக்குள் பொறி தட்டிப் பெட்ரோலைப் பற்றவைக்கும் ஸ்பார்க் பிளக்கில் ஒரு வகை) போட்டேன், ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது, ஏற்காடு மலையில் இருமாமல் ஏறுகிறது, அறுநூற்றைம்பது ரூபாய் போனாலும் பரவாயில்லை என்று பெருமையாக எழுதியிருந்தேன். அதை நம்பி மூன்று பேர் வாங்கி மாட்டிவிட்டார்கள், அதில் ஒருவர் என் பட்டறையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கொலுசுக்குப் பற்றவைக்கிறவர், தினமும் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால் உண்மையில் நடந்தது என்ன என்பதை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

என் வண்டி 100 சிசி பைக், கார்புரேட்டரில் காற்றையும் பெட்ரோலையும் கலக்கிற பழைய வகை, 2011-ல் வாங்கியது. வாரநாளில் சிவதாபுரத்திலிருந்து செவ்வாய்ப்பேட்டை, அங்கிருந்து திரும்ப. பதினைந்து நாளுக்கு ஒருமுறை மனைவியின் ஊரான நாகலூருக்கு. அடிவாரத்தில் ஆரம்பித்து 20 கொண்டை ஊசி வளைவு, சேலத்தின் உயரம் கடல்மட்டத்திலிருந்து முந்நூறு மீட்டருக்கும் குறைவு, ஏற்காடு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், நடுவில் இருக்கிற அத்தனை உயரத்தையும் இந்த ஏழு குதிரை சக்தி எஞ்சின் இரண்டு பேரையும் ஒரு மூட்டை அரிசியையும் வைத்துக்கொண்டு ஏற வேண்டும். ஆவணி கடைசியில் பத்தாவது வளைவு தாண்டியதும் மிஸ்ஸிங் ஆரம்பித்தது. த்ராட்டிலைத் திருகினால் ‘டுப் டுப்’ என்று விட்டு விட்டு இழுக்கும், குறைத்தால் சரியாகிவிடும்.

ஒரு ஸ்பேர்ஸ் கடையில் கேட்டேன். “மலைக்குப் போற வண்டியாங்ணா? அப்ப சாதா பிளக் தாங்காது, இரிடியம் போடுங்க, மேலே காத்து கம்மி, கரண்டு அதிகமா வேணும்” என்றார். கேட்க சரியாகத்தான் இருந்தது. விஷயம் நேர்மாறு என்று அப்போது தெரியாது. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவில் இருக்கிற இடைவெளியில் பொறி தாவ எத்தனை வோல்ட் வேண்டும் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. மேலே காற்றழுத்தம் குறைவு, ஏற்காட்டு உயரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் குறையும், அப்போது சிலிண்டருக்குள்ளும் அழுத்தம் குறைவு, பொறிக்கு வேலை லேசாகத்தான் ஆகிறது. மலையில் கார்புரேட்டர் வண்டிக்கு வருகிற தொல்லை வேறு: காற்று குறைந்தும் பெட்ரோல் கிட்டத்தட்ட அதே அளவில் வருவதால் கலவை கெட்டியாகி பிளக்கில் கரி பிடிக்கும். இறங்கும்போது த்ராட்டிலை மூடிக்கொண்டு கியரிலேயே வருகிறோம் இல்லையா, அப்போது பிளக் சூடே ஆகாது. முனை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் படிந்த கரி தானாக எரிந்து போகும்.

சரி, இரிடியத்துக்கு வருகிறேன். நம்ம ஊரில் இந்தப் பேரைக் கேட்டாலே கோயில் கலசத்தில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடிக்கு விற்கும் என்று ஆளை ஏமாற்றுகிற கும்பல்தான் ஞாபகம் வரும். பிளக்கில் இருப்பது நிஜ இரிடியம், ஆனால் குண்டூசி முனை அளவு. பிளாட்டினக் குடும்பத்து உலோகம். நான் வெள்ளியோடு பிழைக்கிறவன், வெள்ளி 962 டிகிரியில் உருகிவிடும். சாதா பிளக்கில் இருக்கும் நிக்கல் 1,455. இரிடியம் 2,446. இந்தச் சூட்டைத் தாங்குவதால்தான் நடு முனையை 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் கம்பியாக மெலிசாக்க முடிகிறது, நிக்கலில் அப்படி மெலிசாக்கினால் சீக்கிரம் தேய்ந்துபோகும் என்பதால் இரண்டரை மில்லிமீட்டர் தடிமனுக்கு வைக்கிறார்கள். முனை மெலிசானால் பொறி குறைந்த வோல்ட்டிலேயே தாவும். இது விளம்பரம் இல்லை, உண்மை. என்னைக் குழப்பியதும் இந்த உண்மைதான்.

ஐப்பசி அடைமழையில் மறுபடி நாகலூர் போனோம். இரிடியம் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஒண்டிக்கடை தாண்டி பனிமூட்டத்துக்குள் நுழைந்ததும் அதே ‘டுப் டுப்’. வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் மச்சினனிடம் சொன்னேன், அவன் எஸ்டேட் வண்டிகளைப் பார்த்துக்கொள்கிறவன். வண்டியை ஸ்டார்ட் செய்து ஓட விட்டு, காப்பி காயப்போடும் களத்தில் எரிந்த லைட்டை அணைக்கச் சொன்னான். கும்மிருட்டு. ஒரு சொம்புத் தண்ணீரில் விரலை நனைத்து பிளக் கேப் மேலே, அதாவது ஒயர் நுனியில் பிளக்கை மூடி நிற்கும் தொப்பி மேலே, தெளித்தான்.

“பாத்தீங்களா மாமா.”

கேப்பின் கழுத்தில், நூல் மாதிரி ஒரு நீலக் கோடு. எஞ்சின் ‘டுப்’ என்று விடும்போதெல்லாம் அந்தக் கோடு கேப்பிலிருந்து சிலிண்டர் பக்கம் ஓடி மறைகிறது. பார்க்க அழகாகக்கூட இருந்தது என்றால் நம்ப மாட்டீர்கள். கேப் வெடித்திருக்கிறது, முடி கனத்தில் ஒரு வெடிப்பு, பகலில் கண்ணுக்கே தெரியாது. (தெளித்துப் பார்க்கிறேன் என்று கேப்பைக் கையால் தொட்டுவிடாதீர்கள், தூக்கிவாரிப் போடும்.)

அடுத்த நாள் டவுனில் கேப் எழுபது ரூபாய். பழைய கேப்பைத் திருகிக் கழற்றி, ஒயர் நுனியில் பச்சை பூத்திருந்ததைக் கால் அங்குலம் வெட்டி, புதுசைத் திருகினோம், அவ்வளவுதான் வேலை. அப்புறம் மச்சினன் என் டூல் பாக்ஸில் கிடந்த பழைய சாதா பிளக்கை எடுத்துப் பார்த்தான். ஆக்ஸா பிளேடை அதன் இடைவெளியில் விட்டான், நம்ம மெக்கானிக்குகள் எல்லோருக்கும் அதுதானே அளவுகோல், ஒரு பிளேடு கனம் ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர். இரண்டு பிளேடு சேர்த்தே உள்ளே போனது. நடு முனையின் விளிம்பெல்லாம் தேய்ந்து குமிழ் மாதிரி ஆகியிருந்தது. எப்போது மாற்றினீர்கள் என்றான். எனக்கு ஞாபகமே இல்லை.

இப்போது கணக்கு புரிகிறதா? பிளக் தேய்ந்து இடைவெளி இரண்டு மடங்கு ஆகிவிட்டது, பொறி தாவ வோல்ட் அதிகம் வேண்டும், அவ்வளவு வோல்ட் ஏறும்போது கரண்டு பிளக்குக்குள் போவதைவிட வெடித்த கேப் வழியாக வெளியே ஓடுவது சுலபம் என்று ஓடிவிட்டது. இரிடியம் போட்டதும் குறைந்த வோல்ட் போதும் என்றாகி, வெடிப்பு வேலை காட்டவில்லை. மழையும் பனியும் வந்ததும் அந்த வெடிப்பில் ஈரம் ஏறி மறுபடி ஆரம்பித்தது. ஆக அறுநூற்றைம்பது ரூபாய் கொடுத்து நான் வாங்கியது எழுபது ரூபாய் வியாதிக்கு வலி மாத்திரை.

அதைவிட மோசமான தப்பு ஒன்று செய்திருக்கிறேன். செத்துப்போன பழைய பிளக்கோடு புத்தம் புது இரிடியத்தை ஒப்பிட்டுவிட்டு, இரிடியம் பிரமாதம் என்றிருக்கிறேன். புதுசோடு புதுசை அல்லவா ஒப்பிட வேண்டும். கேப் மாற்றியபின் நூற்றுப் பத்து ரூபாய்க்குப் புது சாதா பிளக் வாங்கிப் போட்டேன். ஒரே உதை. இருபது வளைவும் ஏறினேன், இறங்கினேன். என் பின்புறத்துக்குத் தெரிகிற அளவில் ஒரு வித்தியாசமும் இல்லை, மனைவியிடம் கேட்டேன், “எப்பவும் மாதிரி குலுங்குது” என்றாள்.

பிக்கப் கூடும் என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. தீபாவளிக்குச் சரவெடியைப் பற்றவைக்க ரெண்டு ரூபாய் ஊதுபத்தி வைத்தாலும் சந்தன ஊதுபத்தி வைத்தாலும் வெடிக்கிற சத்தம் ஒன்றுதான். எஞ்சினுக்குள் எவ்வளவு காற்றும் பெட்ரோலும் போனதோ அவ்வளவு சக்திதான் வரும், பிளக் அதைப் பற்றவைக்கிறது, கூட்டித் தருவதில்லை. ஒழுங்காகப் பற்றிக்கொண்டிருந்த எஞ்சினில் பிளக்கை மாற்றி என்ன கிடைக்கும்?

மைலேஜ்? நான் ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓட்டுகிறேன், அரை லிட்டர், ஐம்பது ரூபாய் சுமார். இரிடியத்தால் 2 சதவீதம் மிச்சமாகிறது என்றே வைத்துக்கொள்வோம், அதுவும் தாராள மனசோடு. நாளைக்கு ஒரு ரூபாய். சாதா பிளக்கைவிட நான் கூடுதலாகக் கொடுத்தது ஐந்நூற்று நாற்பது ரூபாய், அதாவது ஒன்றரை வருஷம், பதினாறாயிரம் கிலோமீட்டர். அதற்குள் சாதா பிளக் ஒன்றோ இரண்டோ மாற்றியிருப்பேன், அப்போதும் பெரிய லாபம் இல்லை.

ரொம்ப நாள் வருமே என்பார்கள். வரும், ஆனால் காருக்கென்று பெட்டியில் போட்டிருக்கிற கிலோமீட்டர் கணக்குக்கு வராது. காரணம் இரண்டு. இப்படிக் கடையில் வாங்கிப் போடுகிற இரிடியம் பிளக் பலவற்றில் நடு முனை மட்டும்தான் இரிடியம், அதன் மேல் வளைந்து நிற்கும் கால் நிக்கல்தான், அது வழக்கம்போல் தேயும். இன்னொன்று, நம்ம சின்ன வண்டிகளில் பலவற்றில் பொறி ஒவ்வொரு சுற்றுக்கும் அடிக்கும், எஞ்சினுக்குத் தேவையோ இரண்டு சுற்றுக்கு ஒன்று. மற்றது புகை வெளியே போகும்போது வீணாக அடிக்கிறது. 6,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு நூறு பொறி. காரின் எஞ்சின் இவ்வளவு வேகத்தில் எப்போதாவதுதான் சுற்றும், மலையேறும் நூறு சிசி வண்டி அந்தப் பக்கமே குடியிருக்கும்.

மெக்கானிக்கிடம் விடும்போது இன்னொரு கூத்து. சர்வீஸில் பிளக்கைக் கழற்றி உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, கம்பி பிரஷ் போட்டு, ஆக்ஸா பிளேடு விட்டுத் தட்டிக் கொடுப்பார்கள், நிக்கலுக்கு அது பரவாயில்லை. இரிடிய முனையில் அதைச் செய்தால் முனை உடையும், சூட்டைத் தாங்குமே தவிர உடையக்கூடிய உலோகம் அது. பட்டறையில் என் பக்கத்தில் உட்காருகிறவருடையது அப்படித்தான் போனது, முதல் சர்வீஸிலேயே.

இதெல்லாம் சொன்னாலும் எங்கே இரிடியம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன் என்பதும் இருக்கிறது. கம்பெனியே அதைப் போட்டு வந்த வண்டிக்கு அதையே போடுங்கள், பிடிவாதமாகச் சாதாவுக்கு இறங்காதீர்கள். காயில் (பொறிக்கு வேண்டிய வோல்ட்டை ஏற்றித் தருவது) பழசாகி காலையில் உதைத்து உதைத்துக் கால் வலிக்கிற வண்டியை, காயில் மாற்றக் காசு சேரும்வரை அது ஓட்டிக் கொடுக்கும். பல்சர் மாதிரி இரண்டு பிளக் போடுகிற வண்டிக்காரர் செலவை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

எந்த பிளக் போட்டாலும் நம்பரைப் பாருங்கள், விலையைவிட அது முக்கியம். இதில் ஒரு குழி இருக்கிறது: என்ஜிகே, டென்சோ கம்பெனிகளில் சூட்டு நம்பர் ஏறினால் பிளக் குளிர்ந்த வகை (சூட்டைச் சீக்கிரம் வெளியே விடுவது), போஷ் கம்பெனியில் நம்பர் ஏறினால் சூடான வகை. தலைகீழ். இந்த கம்பெனியில் 7, அந்த கம்பெனியிலும் 7 எடுத்துக் கொடுங்கள் என்று வாங்கினால் தீர்ந்தது. நீளம் கூடின பிளக்கைத் திருகினால் பிஸ்டனை முட்டலாம். ஃப்யூல் இன்ஜெக்ஷன் வண்டி (கார்புரேட்டர் இல்லாமல் கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடுவது) என்றால், கம்பெனி சொன்ன நம்பரில் ஆர் எழுத்து (உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்று அர்த்தம்) இருந்தால் அது இல்லாத பிளக்கை வாங்காதீர்கள், பொறியின் இரைச்சல் கம்ப்யூட்டரைக் குழப்பும். புது பிளக்கைக் கையால் முழுக்கத் திருகி, வாஷர் உட்கார்ந்தபின் ஸ்பானரில் அரைச் சுற்று போதும், ஹெட் அலுமினியம், பலத்தைக் காட்டினால் த்ரெட் போய்விடும்.

என் வண்டியில் இப்போது சாதா பிளக்தான், நேற்று கழற்றிப் பார்த்தேன், முனை பிஸ்கட் நிறத்தில் இருக்கிறது, கலவையும் சரி, ஏர் ஃபில்டரும் சரி என்று அர்த்தம். கழற்றிய இரிடியம் பட்டறை மேஜை டிராயரில் வெள்ளித் தூளுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. முனை உடைந்த பட்டறைக்காரர் தன்னுடையதையும் கொண்டுவந்து போட்டுவிட்டு, “ரெண்டையும் உருக்கினா எவ்வளவு தேறும்?” என்று கேட்டார். நம்ம உலையில் வெள்ளி உருகும் அண்ணே, இதற்கு இன்னும் ஆயிரத்து ஐந்நூறு டிகிரி வேண்டும் என்றேன். அப்படியென்றால் அறுநூற்றைம்பதைப் பணமாகவே கொடு என்கிறார்.