கடலுக்கும் வாடகையா?

இத்தாலியின் பல கடற்கரைகளில் மணலில் உட்காரக்கூட முதலில் பர்ஸைத் திறக்க வேண்டியிருக்கிறது. ரிமினி, வியாரெஜ்ஜோ, லிகூரியா, எங்கே போனாலும் இதே கதைதான். ஒரே நிறக் குடைகள், ஒரே நிறச் சாய்வு நாற்காலிகள், இடையில் ஒரு துண்டு விரிக்க இடமில்லை. முதல் வரிசைக்கு ஒரு விலை, பின்வரிசைக்கு இன்னொரு விலை. கடற்காற்று என்ன, வரிசை பார்த்தா வீசுகிறது?

அந்த மணல் அரசின் சொத்து. குடையும் நாற்காலியும் வாடகைக்கு விடும் தனியாரிடம் இருப்பது உரிமம் மட்டுமே. அதையும் வெளிப்படையான போட்டியில்தான் கொடுக்க வேண்டும் என்பது 2006-இல் வந்த ஐரோப்பிய விதி. ரோமில் அரசுகள் மாறின. உரிமங்கள் மட்டும் நீட்டிப்பு, அதன்மேல் நீட்டிப்பு!

இலவசப் பகுதி உண்டு என்பார்கள். எங்கே? ஒரு மூலையில், பாறைகளுக்குப் பக்கத்தில், கைக்குட்டை அளவுக்கு. காலையிலேயே அதுவும் நிரம்பிவிடும்.

இங்கிலாந்தின் விட்பியில் தண்ணீர் எலும்பை உறையவைக்கும். ஆனால் மணலில் உட்கார யாரும் ரசீது கேட்பதில்லை. இங்கோ வெதுவெதுப்பான கடலைக் கண்முன் வைத்துக்கொண்டு, மணல்வீடு கட்டும் குழந்தையை எழுந்து போகச் சொல்கிறார்கள். இது என்ன நியாயம்?