முழுப் பெயரை எழுதினால் என்ன குறைந்துபோகும்?

வீட்டிலிருந்தே செய்கிற வேலை என்று வந்த ஒரு விளம்பரத்தில் 'ஐஎன்' என்று இருந்ததை இந்தியா என்று நினைத்து என் அக்கா மகள் விண்ணப்பித்தாள். அது அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் என்று கடைசியில்தான் தெரிந்தது, வேலை போய்விட்டது. சனிக்கிழமை அதைப் பற்றி எழுதிய பதிவுக்கு வந்த பதில்களை நேற்று இரவு ஒன்றுவிடாமல் படித்தேன். பாதிப் பேர் ஆறுதல் சொல்லியிருக்கிறீர்கள், நன்றி. மீதிப் பேர் சிரித்திருக்கிறீர்கள். "ஐஎன் என்றால் இந்தியாவா இண்டியானாவா என்றுகூடத் தெரியாமலா எம்.சி.ஏ. முடித்தாள்?" என்று ஒருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்புக் குறிகள். அவள் என் நட்புப் பட்டியலில் இருக்கிறாள், இதையெல்லாம் படிப்பாள் என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா?

நடந்ததை மறுபடி முழுக்கச் சொல்லப் போவதில்லை. அன்று கோபத்தில் விட்டுப்போன சிலவற்றை மட்டும் சேர்க்கிறேன். விளம்பரத்தில் இருந்தது 'ரிமோட், ஐஎன்'. அவள் அதைப் பார்த்தது நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் வேலை தேடுகிற தளத்தில். நிறுவனத்துக்கு இந்தியாவிலும் கிளை இருக்கிறது. இணையத்தில் ஐஎன் என்று முடிகிற முகவரி இந்திய முகவரி. உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. நாடுகளுக்கு வைத்திருக்கிற இரண்டெழுத்துப் பட்டியலிலும் ஐஎன் என்றால் இந்தியாதான். அவள் அதை வேறு எப்படிப் படித்திருக்க வேண்டும்?

அந்த நிறுவனத்தின் பக்கத்தில் நடந்ததையும் கேளுங்கள். இவளுடைய விண்ணப்பத்தில் 'திருச்சி, டிஎன்' என்று இருந்திருக்கிறது. கல்லூரியில் கொடுத்த மாதிரிப் படிவத்தில் அப்படித்தான் இருந்ததாம். நேர்காணல் செய்தவர் அதை டென்னசி என்கிற அமெரிக்க மாநிலம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே படித்துவிட்டு அங்கே போய் இருக்கிற நம் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அவருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாவது அழைப்பில்தான், "டென்னசியிலிருந்து இண்டியானாவுக்கு எப்போது குடிமாறுவீர்கள்? எந்தக் கவுண்டியில் வீடு பார்க்கிறீர்கள்?" என்று கேட்டார். இண்டியானாவில் மாநில வருமான வரி போக, நம் மாவட்டம் மாதிரி இருக்கிற கவுண்டிக்கும் தனியாக வருமான வரி உண்டு. அதனால் அந்தக் கேள்வி. இவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியபோது அழுதுவிட்டாள். மூன்று வாரம் ராத்திரி கண்விழித்துத் தயார் செய்தது எல்லாம் இரண்டே எழுத்தில் போய்விட்டது.

விளம்பரத்தில் இண்டியானா என்று எழுதியிருந்தால் அவள் விண்ணப்பித்திருக்கவே மாட்டாள். விண்ணப்பத்தில் தமிழ்நாடு, இந்தியா என்று அவள் எழுதியிருந்தால் நேர்காணல் செய்தவர் முதல் நாளே நிறுத்தியிருப்பார். இதைத்தான் நான் சனிக்கிழமையும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். சுருக்கி எழுதினால் எழுதுகிறவருக்கு நாலு எழுத்து மிச்சம். அதை விரித்துப் படிக்கிற பாடு முழுக்க வாசிக்கிறவருக்கு. முழுப் பெயரை எழுதுங்கள்.

"அதெல்லாம் உலகத்துக்கே தெரிந்த சுருக்கங்கள்" என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். எந்த உலகத்துக்கு? டிஎன் என்று எழுதினால் நமக்குத் தமிழ்நாடு, அமெரிக்கருக்கு டென்னசி, ஐ.எஸ்.ஓ. பட்டியலில் துனிசியா. டிஇ என்றால் அமெரிக்காவில் டெலவேர், மற்ற இடங்களில் ஜெர்மனி. தெலங்கானா 2014-இல் பிறந்தபோது வண்டிகளுக்கு டிஎஸ் என்று கொடுத்தார்கள், 2024 மார்ச்சில் அதை டிஜி என்று மாற்றினார்கள். டிஜி ஏற்கெனவே ஆப்பிரிக்காவில் இருக்கிற டோகோவின் குறி. டேராடூன் வண்டிகளில் யூகே 07 என்று இருக்கும், அது உத்தராகண்ட். 2021 செப்டம்பரிலிருந்து வெளிநாடு போகிற பிரிட்டன் வண்டிகளில் ஒட்டுகிற எழுத்தும் யூகேதான், அதற்கு முன்னால் ஜிபி. ஐ.எஸ்.ஓ. பட்டியலிலோ இன்றைக்கும் ஜிபிதான். உலகத்துக்கே தெரிந்த சுருக்கம் என்பது இதுதானா?

டொராண்டோவில் சொந்தக்காரர்கள் இருக்கிறவர்கள் இங்கே நிறையப் பேர். உங்களுக்காக ஒன்று: 'ஆன்டாரியோ, சிஏ' என்று எழுதிப் பாருங்கள். கனடாவின் ஆன்டாரியோ மாகாணம் என்றுதானே படிப்பீர்கள்? கலிஃபோர்னியாவில் ஆன்டாரியோ என்றே ஒரு நகரம் இருக்கிறது, அதற்கு விமான நிலையமும் இருக்கிறது. கலிஃபோர்னியாவும் சிஏ, கனடாவும் சிஏ. அப்புறம் சுவிட்சர்லாந்தில் இருக்கிற ஈழத் தமிழ் நண்பர்களைக் கேளுங்கள். அவர்கள் நாட்டின் குறி சிஎச். லத்தீனில் அந்த நாட்டுக்கு இருக்கிற பெயரிலிருந்து வந்தது. இங்கே அதைப் பார்க்கிறவர் சைனா என்றுதான் படிப்பார். சைனாவின் குறி சிஎன். இலங்கையை நாம் பேச்சில் எஸ்எல் என்கிறோம், பட்டியலில் எஸ்எல் என்றால் சியரா லியோன். இலங்கைக்கு எல்கே.

இந்த இரண்டெழுத்து வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். 1963-இல் அமெரிக்கத் தபால் துறை, நம் பின் கோடு மாதிரி, ஜிப் கோடு என்ற ஐந்து இலக்க எண்ணைக் கொண்டுவந்தது. அன்றைக்கு முகவரி அச்சடிக்கிற இயந்திரங்களில் ஒரு வரிக்கு 23 எழுத்துதான் இடம். ஊர்ப் பெயர், மாநிலம், புது எண் மூன்றும் அந்த 23-க்குள் அடங்க வேண்டும். அதுவரை டென்., மாஸ்., காலிஃப். என்று ஓரளவு புரிகிற மாதிரி எழுதிக்கொண்டிருந்ததை இரண்டெழுத்தாக வெட்டினார்கள். எம்மில் தொடங்குகிற மாநிலங்கள் மட்டும் எட்டு. அதில் மிச்சிகன், மின்னசோட்டா, மிசிசிப்பி, மிசௌரி நான்கும் எம்ஐ என்றே தொடங்குகின்றன. எம்ஐ மிச்சிகனுக்குப் போனது, மற்ற மூன்றும் எம்என், எம்எஸ், எம்ஓ என்று ஆயின. மனப்பாடம் செய்யாமல் யாரால் சொல்ல முடியும்? நெப்ராஸ்காவுக்கு முதலில் என்பி என்று கொடுத்தார்கள். கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தோடு குழம்புகிறது என்று கனடாத் தபால்காரர்கள் கேட்டுக்கொண்டதால் 1969-இல் என்இ என்று மாற்றினார்கள். தபால் துறைக்கே குழப்பம் வந்திருக்கிறது. திருச்சியில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு வந்தால் மட்டும் சிரிப்பு.

இன்றைக்கு எந்த இயந்திரத்தில் 23 எழுத்துதான் இடம் இருக்கிறது? இந்தப் பதிவு எவ்வளவு நீளம் போகிறது பாருங்கள், ஒரு பெட்டியும் என்னைத் தடுக்கவில்லை.

அடுத்து, "பின் கோடு, ஜிப் கோடு எல்லாம் எதற்கு இருக்கிறது? எண் சரியாக இருந்தால் போதும்" என்கிறவர்கள். இதற்கு என்னிடமே பதில் இருக்கிறது. என் தம்பி அமெரிக்காவில், டென்னசியின் நாக்ஸ்வில்லில் இருக்கிறான். தம்பி மனைவிக்குப் பிரசவம் ஆனபோது அம்மா தன் கையால் லேகியம் கிளறிக் கொடுத்தாள். கூடவே பூண்டு ஊறுகாய், குழந்தைக்கு வசம்பு வளையல். முகவரியை 'நாக்ஸ்வில், டிஎன்' என்று ஜிப் கோடோடு எழுதிக் கூரியர் கவுன்ட்டரில் கொடுத்தேன். கணினியில் டிஎன் என்று தட்டியதும் தமிழ்நாடு என்று வந்திருக்கிறது. மாநிலம் தமிழ்நாடு என்றதும் நாடு இந்தியா என்று தானாக விழுந்திருக்கிறது. ஐந்து இலக்கம் போதவில்லை என்று அது கேட்டதும் அங்கிருந்த பையன் கடைசியில் ஒரு பூஜ்யத்தைச் சேர்த்திருக்கிறான். நாக்ஸ்வில் எண் 37-இல் தொடங்கும். நம் பின் கோட்டில் 37 குஜராத். பார்சல் அகமதாபாத் வரை போய், யாரும் இல்லை என்று திரும்பி, பத்தொன்பதாம் நாள் எங்கள் வீட்டுக்கே வந்தது. கூரியர்காரர்கள் உள்நாட்டுக் கட்டணம் மட்டும் வாங்கியதை வைத்தே நான் கண்டுபிடித்திருக்க வேண்டும் என்பீர்கள். பணத்தைக் கட்டியது என் கணவர், ரசீதை யாரும் பார்க்கவில்லை. அம்மா அந்த லேகியத்தைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே கொண்டுபோய் வைத்தாள். நான் அன்றைக்கு டென்னசி, அமெரிக்கா என்று எழுதியிருந்தால் எனக்கு என்ன நஷ்டம்? எழுதாததால் என் அம்மாவுக்கு எவ்வளவு நஷ்டம்!

என் அப்பா தபால் துறையில், ஓடுகிற ரயிலில் கடிதம் பிரிக்கிற வேலையில் இருந்தவர். எங்கள் வீட்டில் யார் கடிதம் எழுதினாலும் உறையின் முன்பக்கத்தை அவரிடம் காட்ட வேண்டும். மாநிலத்தைச் சுருக்கி எழுதியிருந்தால் வேறு உறை வாங்கிவரச் சொல்வார். இமாசலப் பிரதேசத்தில் ஹமீர்பூர் என்று ஒரு மாவட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்திலும் ஹமீர்பூர் இருக்கிறது. ஹெச்.பி., யூ.பி. இரண்டையும் கையால் ஆங்கிலத்தில் வேகமாக எழுதிப் பாருங்கள், ஹெச்சின் நடுக்கோடு கொஞ்சம் கீழே இறங்கினால் அது யூ. பின் கோடு 1972 ஆகஸ்ட் 15-இல் வந்துவிட்டது என்றாலும் பல வருஷம் ஜனங்கள் அதை எழுதவில்லை. அப்படி ஒரு அஞ்சலட்டை அப்பாவின் கைக்கு வந்திருக்கிறது. தமிழில் நாலு வரி: அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, உடனே கிளம்பி வா. கீழே ஹமீர்பூர், அப்புறம் யூவா ஹெச்சா என்று சொல்ல முடியாத ஒரு எழுத்து. விளக்கடியில் வைத்துப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் ஹெச் என்று முடிவு செய்து போட்டாராம். பணி ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்தும் சாப்பாட்டுக்கு நடுவில் திடீரென்று கேட்பார்: "அந்தப் பையனுக்கு அது கிடைச்சிருக்குமா?" எழுதினவர் தன் வசதிக்குச் சுருக்கினார். அதை முப்பது வருஷம் சுமந்தது என் அப்பா.

"நீங்களும்தானே எம்.எல்.ஏ., கி.மீ., உ.பி. என்று எழுதுகிறீர்கள்?" எழுதுகிறேன். கி.மீ.யைப் பார்த்து யாரும் வேறு நாட்டுக்குப் போகவில்லை. விடுங்கள்.

என்னை அதிகம் வருத்தியது, "கொஞ்சம் பொது அறிவு இருந்தால் போதும்" என்ற பதில். எழுதியவர் எனக்கு மிகவும் வேண்டியவர், அதனால் பெயர் சொல்லவில்லை. அவர் பிள்ளைகள் அங்கேயே இருக்கிறார்கள், வருஷத்துக்கு ஒருமுறை போய் வருகிறார். அவருக்கு அது பொது அறிவு. பெரம்பலூர் பக்கம் கிராமத்தில் பிறந்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போன பையனுக்கு அமெரிக்காவின் ஐம்பது மாநிலங்களும் அவற்றின் இரண்டெழுத்தும் எப்படித் தெரியும்? ஏன் தெரிய வேண்டும்? டிஎன் என்றால் தமிழ்நாடு என்று ஒரு அமெரிக்கருக்குத் தெரியாததை நாம் யாரும் அறிவுக் குறைவு என்று சொல்லவில்லையே. ஐஎன் என்றால் இண்டியானா என்று நம் பெண்ணுக்குத் தெரியாவிட்டால் மட்டும் அவள் படிப்பையே சந்தேகப்படுகிறோம். நம் பிள்ளையைப் பார்த்து நாமே சிரிப்பது எனக்குத் தாங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கொஞ்சம் தள்ளிப் போகிறேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். நெப்ராஸ்காவுக்கு எழுத்து மாறிய அதே 1969-இல், ஜனவரி 14 அன்றுதான் மதராஸ் மாநிலம் தமிழ்நாடு ஆனது. அந்தப் பெயரையும் ஒரு கோரிக்கையாக வைத்து 1956-இல் விருதுநகரில் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்தார். எழுபது நாளுக்கு மேல் சாப்பிடாமல் கிடந்து அந்த அக்டோபரில் உயிரை விட்டார். ஒரு பெயருக்காக. அந்தப் பெயரை நாம் சோம்பலில் டிஎன் என்று எழுதுகிறோம், அதையும் ஆங்கில எழுத்தில். வண்டிப் பலகையில் இடமில்லை, அங்கே இருக்கட்டும். பிள்ளையின் விண்ணப்பத்தில், கல்யாணப் பத்திரிகையில், வீட்டு முகவரியில் இடமில்லையா? அவள் விண்ணப்பத்தில் அந்த இரண்டெழுத்தைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார். வேலை போனதைவிட அதுதான் நெஞ்சில் நிற்கிறது. அவள் கேட்டால் கோபித்துக்கொள்வாள், அவளுக்கு வேலைதான் பெரிது, அது நியாயமும்தான்.

நேற்று முன்தினம் இருவரும் உட்கார்ந்து அவள் விண்ணப்பத்தைத் திருத்தினோம். 'திருச்சிராப்பள்ளி, தமிழ்நாடு, இந்தியா' என்று போட்டாள். இரவே நான்கு இடத்துக்கு அனுப்பினாள். ஓர் இடத்தின் படிவத்தில் மாநிலம் என்ற பெட்டி இரண்டு எழுத்துக்கு மேல் வாங்கவில்லை. "சித்தி, இதை விட்டுடலாமா?" என்றாள். விட்டுவிட்டோம்.

பழைய பதிவு அப்படியேதான் இருக்கிறது. சிரிப்புக் குறி போட்டவர்கள் முடிந்தால் இன்றைக்கு அதை எடுத்துவிடுங்கள். அவள் தினமும் போய்ப் பார்க்கிறாள்.