ஆறுதல் கூட்டத்தில் நரகம் எதற்கு?

காட்பாடி வீடியோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மறுபடி லிங்க் போட மனசில்லை. பேசியவர் பெயரும் வேண்டாம். இதுவரை கிடைத்த விளம்பரமே அவருக்குப் போதும். நடந்தது ஆறுதல் கூட்டம். பேனரிலேயே அப்படித்தான் போட்டிருந்தார்கள். இறந்துபோன அம்மா ஞானஸ்நானம் வாங்காதவர், மகன்தான் சபையில் இருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்தவர் மைக்கைப் பிடித்து, "அந்த அம்மா இப்ப எங்க இருக்காங்க தெரியுமா?" என்று கேட்டு, 'நரகத்தில்' என்று பதிலையும் அவரே சொல்கிறார். முன்வரிசையில் மகள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னாலிருந்து நாலு பேர் "ஆமென்" போடுகிறார்கள். பிரசங்கத்தைவிட அந்த ஆமென்தான் எனக்குத் தாங்கவில்லை.

நரகம் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மூன்றாவது கமெண்டில் 'லிபரல்' பட்டம் வந்துவிடும். கேட்பது ஒன்றுதான்: இயேசு நரகத்தை யாரிடம் பேசினார்?

வேதத்தைத் திறந்து பாருங்கள். மத்தேயு 5:22-ல் எரிநரகம் வருவது, சகோதரனை 'மூடனே' என்று சொல்கிறவனுக்கு. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் சீஷர்கள். 23:33-ல் வேதபாரகருக்கும் பரிசேயருக்கும், அதாவது மைக் பிடிக்கிற வகையறாவுக்கு. மாற்கு 9-ல் சிறியவர்களுக்கு இடறல் உண்டாக்குகிறவனைப் பற்றிப் பேசிய கையோடு, மறுபடியும் சீஷர்களிடம். லூக்கா 16-ல் வேதனைப்படுகிற ஐசுவரியவான் ஆபிரகாமைத் 'தகப்பனே' என்று கூப்பிடுகிறான். நம்ம ஆள்தான். வெளியாளான சமாரியப் பெண்ணிடம் இந்தப் பேச்சே இல்லை. கானானியப் பெண்ணிடமும் இல்லை. ரோம நூற்றுக்கு அதிபதி விஷயத்தில் இன்னும் ஒரு படி மேலே: கிழக்கிலும் மேற்கிலுமிருந்து அநேகர் வந்து பந்தியிருப்பார்கள், ராஜ்யத்தின் புத்திரரோ புறம்பான இருளிலே தள்ளப்படுவார்கள் என்கிறார் (மத்தேயு 8:11, 12). வெளியாளைக் காட்டி உள்ளாளுக்குக் கொடுத்த எச்சரிக்கை அது. அதை அப்படியே திருப்பிப் பிடித்து, பதிலே சொல்ல முடியாமல் செத்துக் கிடக்கிற ஒரு அம்மா மேல் வீசுகிறோம்.

"அதனால்தான் சொல்கிறோம், நரகமே வேண்டாம், தேவன் அன்பாகவே இருக்கிறார்" என்று இன்னொரு பக்கம் படித்த தம்பிகள். தம்பி, அதை ராணிப்பேட்டை சிப்காட்டில் நின்று சொல்லிப் பாருங்கள். 2015 ஜனவரி 31, நள்ளிரவு தாண்டிய நேரம். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் 10 பேர் அந்தச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பாலாறு கெட்டதற்காக நம் வேலூர்க்காரர்கள் போட்ட வழக்கில், மாசுபடுத்தியவனே ஈடுகட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொன்னது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. பூமியில் நியாயம் நடக்கிற வேகம் இதுதான். கொல்லப்பட்டவர்கள் 'எதுவரைக்கும் ஆண்டவரே' என்று கூப்பிடுகிற சத்தம் வெளிப்படுத்தல் 6:10-ல் இருக்கிறது. அன்பின் பெயரால் அவர்கள் வாயையும் அடைத்துவிடுவீர்களா? போப் பெனடிக்ட் 2007-ல் எழுதிய சுற்றுமடலில், கொடுமை செய்தவனும் அதை அனுபவித்தவனும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே பந்தியில் உட்கார முடியாது என்கிறார். நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் இதற்கு ஆமென் போடுவேன்.

தண்டனை முடிவில்லாததா, எரித்துத் தீர்த்துவிடுமா என்பது வேறு சண்டை. லுத்தரன் சபைகளின் விசுவாச அறிக்கையான 1530-ன் ஆக்ஸ்பர்க் அறிக்கை முடிவில்லாதது என்கிறது. தண்டிக்கப்படுகிறவர்கள் அழிந்துபோவார்கள் என்று அட்வென்டிஸ்டு சபையார் சொல்கிறார்கள், 1988-ல் ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் தயங்கித் தயங்கி அந்தப் பக்கம் சாய்ந்தார். தண்டனையாக வாங்குகிற அடியிலேயே சிலருக்கு அநேகம், சிலருக்குக் கொஞ்சம் என்று லூக்கா 12:47, 48 பிரித்துக் காட்டுகிறது. ஞாயிறுதோறும் நாம் சொல்கிற விசுவாசப் பிரமாணத்தில் நியாயந்தீர்க்க வருவார் என்று இருக்கிறது. இன்னின்னார் உள்ளே போய்விட்டார்கள் என்று பட்டியல் இல்லை. எத்தனையோ பேருக்குப் புனிதர் பட்டம் கொடுத்த கத்தோலிக்கத் திருச்சபைகூட, இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரையும் அறிவித்ததில்லை. காட்பாடிக்காரருக்கு மட்டும் தகவல் வந்துவிட்டது!

என் கோபம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் சித்தப்பா ஒரு ஒப்பந்தக்காரரிடம் தோல் ஷெட்டில் தோல் பதனிடுகிற டிரம் ஓட்டினார். மாதாமாதம் சம்பளத்தில் பி.எஃப். 12 சதவீதம் பிடித்தார்கள். பிடித்ததை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். கட்டவே இல்லை. உடம்பு முடியாமல் நின்ற பிறகுதான் கணக்கில் பணமே ஏறவில்லை என்று தெரிந்தது. அந்த ஒப்பந்தக்காரர் பெயர் ஒரு சர்ச் வாசலில் பளிங்குக் கல்லில் இருக்கிறது. அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அரிசி மூட்டையும் அவர்தான் கொடுக்கிறார். யாக்கோபு 5:4-ல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறதே, அந்த வசனத்தை அவர் முன்னால் வைத்து ஒரு போதகராவது பிரசங்கித்ததுண்டா? நரகத்தைச் சொல்லத் தைரியம் வருவதெல்லாம் செத்தவர்கள் வீட்டில்தான். காணிக்கைக் கவர் கொடுக்கிறவர் வீட்டில் 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று ஆறுதலாக 23-ஆம் சங்கீதம்.

"உன் உணர்ச்சி முக்கியமா, வசனம் முக்கியமா?" என்று கேட்பீர்கள். வசனம்தான். "விசுவாசியாதவனோ ஆக்கினைத்தீர்ப்புக்குட்பட்டாயிற்று, யோவான் 3:18" என்று இன்பாக்ஸில் ஏற்கெனவே வந்துவிட்டது. இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 19-ஆம் வசனம் அந்த ஆக்கினைத்தீர்ப்பு என்னவென்று சொல்கிறது: கிரியைகள் பொல்லாதவைகளாயிருக்கிறபடியால் ஒளியைவிட இருளை விரும்புவது. அந்த அம்மாவின் கிரியைகள் உங்களில் யாருக்குத் தெரியும்? சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று ஆபிரகாம் தேவனிடமே கேட்டார். அவர் மேல் நம்பிக்கை இருந்தால், அந்த வேலையை அவரிடமே விட்டிருப்பீர்கள்.

இனி கமெண்டில் 3:18-ஐ ஒட்டுகிறவர்கள் 19, 20, 21-ஐயும் சேர்த்து ஒட்டவும். யாக்கோபு 5:4-ஐ உங்கள் சபைப் பொருளாளருக்கு டேக் செய்தால் இன்னும் சந்தோஷம்.