தீர் நகரத்து ஊதாச் சாயம்: ஒரு திருத்தம்

இன்றைய லெபனானில் உள்ள தீர் நகரத்தில், பினீசியர்கள் என்ற பண்டைய கடல்வணிக மக்கள் ஊதாச் சாயத்துக்காக முரெக்ஸ் என்ற கடல் நத்தையை "கொதிக்க வைத்துச் சாறு பிழிந்தார்கள்" என்று இந்தச் சாயம் பற்றிய ஒரு கட்டுரை ஒரே வரியில் முடித்துவிட்டது. கொதித்தால் காரியம் கெட்டுவிடும்.

நத்தையை உயிரோடு பிடிக்க வேண்டும். செத்தபின், சாயம் தரும் சுரப்பியின் சாறு வீணாகிவிடும் என்பதால் இரை வைத்த கூடைகளை இறக்கிப் பிடித்தார்கள். பண்டைய ரோமானிய எழுத்தாளர் பிளினி தரும் கணக்குப்படி, சுமார் 33 கிலோ சுரப்பிக்கு அரை லிட்டர் அளவு உப்பு போட்டு 3 நாள் ஊறவிட வேண்டும். பிறகு ஈயப் பாத்திரத்தில் மிதமான சூடு. அதற்காகவே உலையிலிருந்து நீண்ட குழாய் வழியாக வெப்பத்தைக் கொண்டுவந்தார்கள். 10ஆம் நாள் வாக்கில் கம்பளியை முக்கிப் பார்ப்பார்கள்.

ஊதா நிறமி தண்ணீரில் கரையாது. அழுகும் சதையிலுள்ள பாக்டீரியாக்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்ட பிறகே அது கரையும் வடிவத்துக்கு மாறி இழைக்குள் இறங்கும். சுமார் 50 டிகிரி செல்சியஸில் இந்த பாக்டீரியாக்கள் நன்றாக வேலை செய்யும், கொதிநிலையில் மடிந்துவிடும். நிறமி கரைந்திருக்கும்போது தொட்டி பச்சை கலந்த மஞ்சளாகத்தான் இருக்கும். கம்பளியை வெளியே எடுத்துக் காற்றுப் பட்டதும்தான் ஊதா ஏறும். நாற்றம் சொல்லி மாளாது! கரைந்த நிலையில் வெயில் பட்டால் நிறமியிலுள்ள புரோமின் என்ற தனிமம் கழன்று நிறம் நீலத்துக்குப் போய்விடும். ஆகவே தொட்டிக்கு மூடி அவசியம்.

இந்தச் சாயத்தின் அதிக விலைக்குக் காரணம் வேண்டுமா? 1909இல் வேதியியலர் ஃபிரீட்லேண்டர் 12,000 நத்தைகளிலிருந்து பெற்றது வெறும் 1.4 கிராம் நிறமி.