‘கிட் ஏ’ ஆல்பத்தில் கிட்டாரே இல்லையா?

“ரேடியோஹெட் 2000-லேயே கிட்டாரைத் தூக்கிப் போட்டாச்சு. ‘கிட் ஏ’ முழுக்கக் கம்ப்யூட்டர் வாசித்தது. கோயில் கொடைக் கச்சேரிக்கு இனி கிட்டார் ஆள் எதற்கு?” பாளையங்கோட்டைப் பக்கம் இன்னிசைக் குழுக்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு. ரேடியோஹெட் இங்கிலாந்தின் ராக் இசைக்குழு; ‘கிட் ஏ’ அவர்கள் 2000-ல் வெளியிட்ட ஆல்பம்.

சிந்தசைசரும் டிரம் மெஷினும் அந்த ஆல்பத்தில் முன்னுக்கு வந்தது உண்மைதான். ‘இடியோடெக்’ பாட்டில் திரும்பத் திரும்ப வரும் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்), அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973-ல் கம்ப்யூட்டரில் உருவாக்கிய இசையிலிருந்து எடுத்த துண்டு. ஆனால் ‘ஆப்டிமிஸ்டிக்’கைப் போட்டுக் கேளுங்கள், கிட்டார்தான் பாட்டையே இழுத்துக்கொண்டு போகிறது. ‘ஹவ் டு டிஸப்பியர் கம்ப்ளீட்லி’ அகௌஸ்டிக் கிட்டார் மேல் நிற்கும் பாட்டு. அதில் வரும் வயலின் கூட்டத்தை இங்கிலாந்தின் டார்செஸ்டர் தேவாலயத்தில் ஆட்களை உட்காரவைத்தே பதிவுசெய்தார்கள். ‘தி நேஷனல் ஆந்தம்’ கடைசியில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் போடுகிற சத்தம், நம்மூர் நையாண்டி மேளம் உச்சத்தில் இருக்கிற மாதிரி!

சந்தேகமிருந்தால் சிடி உறையைப் பாருங்கள். ‘இடியோடெக்’ துண்டு எங்கிருந்து எடுத்தது, வயலின் வாசித்த ஆர்கெஸ்ட்ரா எது என்று அச்சிட்டிருக்கிறது. சிடி இல்லையா, சரி, ஹெட்போனில் அந்தப் பாட்டுகளைக் கேட்டாலே போதும்.

கிட்டார் ஆள் வேண்டுமா என்பது அந்தந்தக் குழுவின் பட்ஜெட் விஷயம். அதற்கு ரேடியோஹெட்டைச் சாட்சிக்கு இழுக்க வேண்டாம். செய்தி வந்தால் தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.